இலவசம் என்று போட்டும் சனம் வராதது ஏன்?

யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக் கச்சேரிக்கோ நாடகத்துக்கோ கதிரைகள் நிரம்பாவிட்டால் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு விளக்கம் தயாராக இருக்கும். ஒன்று ரிக்கெற் விலை. மற்றது, "எங்கட சனத்துக்கு ரசனை குறைஞ்சு போச்சு." முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுப் பிழை.

நல்லூரில் திருவிழா 25 நாள் நடக்கிறது. ஊர்க் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வர தவில் கச்சேரிக்கு வீதியில் குந்தியிருந்து நள்ளிரவு வரை தாளம் போடுபவர்களில் தோட்டக்காரர் உண்டு, மேசன் வேலை செய்பவர் உண்டு. காத்தவராயன் கூத்துக்கு விடிய விடிய மணலில் பாய் விரிக்கிறார்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் நாட்டுக்கூத்தைக் கட்டிக் காத்தவர்களில் பெரும்பாலோர் கடற்றொழில் செய்யும் குடும்பத்தினர். எந்த இடத்தில் அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்துபவர், மெட்டு மாறுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே ஆட்கள் நகரத்து மண்டப வாசலில் தயங்குகிறார்கள். குறை ரசனையில் இல்லை, வாசலில் இருக்கிறது.

1960களில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் அவரோடு வேலை செய்தவர்களும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வருபவர்களை ஆராய்ந்தார்கள். வருவதையும் வராததையும் தீர்மானிப்பதில் வருமானத்தைவிடக் கல்விக்கே பங்கு அதிகம் என்று கண்டார்கள். பிரித்தானியா 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டது. வருகை பெரிதாகக் கூடியது. ஆனால் கூடியவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே வரும் வகையினர்தான். இலவசம் கதவைத் திறக்கும். உள்ளே நடப்பது விளங்கும் என்ற துணிவை அது கொடுக்காது.

நம் ஊரில் இதைத் தெளிவாகவே காணலாம். 1945இல் இலவசக் கல்வி வந்ததால் இங்கே படிப்பும் பணமும் எப்போதும் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை. வீரசிங்கம் மண்டபத்திலோ திருவள்ளுவர் கலாசார மையத்திலோ ஒரு கச்சேரியில் மண்டபத்தின் முன்பாதியில் இருப்பவர்களைக் கவனியுங்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், சங்கீதம் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார். அவர்களைவிடப் பல மடங்கு காசு உழைக்கும் வியாபாரி அங்கே அபூர்வம். பணம்தான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்கும்.

கல்வி என்று இங்கே சொல்வது பட்டத்தை அல்ல, பழக்கத்தை. சொல்லில்லாமல் இராகத்தை விரிக்கும் ஆலாபனை ஏன் இவ்வளவு நேரம் நீள்கிறது, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனம் எப்போது முடிகிறது, எங்கே கைதட்டுவது என்பதெல்லாம் ஒருவர் சொல்லித்தந்து வருவது. பாடசாலையில் 6 முதல் 9ஆம் ஆண்டு வரை எல்லோரும் ஒரு அழகியற் பாடம் படிக்கிறார்கள். 10ஆம் ஆண்டில் அது விருப்பத் தெரிவாகிவிடுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை வெளியே ஆசிரியரிடம் தொடர்ந்து போய் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளை எழுதும். மற்றப் பிள்ளைக்குப் பழக்கம் அங்கேயே அறுந்துவிடும். வருமானம் உண்மையில் வெட்டுவது இங்கேதான், ரிக்கெற் வாசலில் அல்ல.

வசதியான வீடுகளுக்கும் ஒரு தடை உண்டு: பிள்ளையின் ரியூசன். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று வீட்டில் ஏதாவதொரு பரீட்சை இருக்கும் வருடத்தில் முழுக் குடும்பமும் மாலையில் வெளியே போகாது. பணம் இருக்கும், பொழுது இராது.

குறைந்த வருமானத்தில் வாழ்பவருக்கோ செலவு ரிக்கெற்றோடு நிற்பதில்லை. தீவகத்திலிருந்தோ வடமராட்சி கிழக்கிலிருந்தோ வருபவருக்குப் போகும்போது பஸ் இருக்கும், திரும்பும்போது ஓட்டோதான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அந்த ஒரு வழி ஓட்டோக் காசே பெரிய செலவு. இரவில் தொழிலுக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை மாலை ஓய்வு நேரமே அல்ல. உடுத்திப் போக நல்ல சேலை வேண்டுமே என்ற கூச்சத்தையும் சிறிதாக நினைக்கக்கூடாது.

இந்தத் தடைகள் எல்லாவற்றையும் இன்னும் பெரிதாக்குவது நம் நிகழ்ச்சிநிரல். அழைப்பிதழில் 5 மணி. விளக்கேற்றல் 5.40க்கு. பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடைகள். 7 மணி தாண்டித்தான் கலைஞர் மேடைக்கு வருகிறார். அப்போது பின்வரிசையில் ஒரு தாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளையை எழுப்புகிறாள். அவள் வந்தது கூத்துப் பார்க்க, கேட்டுவிட்டுப் போவதோ உரைகளை. அடுத்த முறை வரமாட்டாள். முன்வரிசையில் பெயரொட்டிய கதிரைகள் கடைசிவரை வெறுமையாகக் கிடப்பதும் அவள் கண்ணில் படுகிறது.

யார் வருகிறார்கள் என்பதை ஊகிக்காமல் எண்ணுங்கள். உள்ளே வரும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் கேட்டால் போதும். 400 பேருக்கு 80 விடை கிடைக்கும். வாசலிலேயே கேளுங்கள், முடிவில் கேட்டால் இடையில் எழுந்து போனவர்கள் விடுபடுவார்கள், நமக்குத் தேவை அவர்கள்தான். குடும்பமாக வந்தால் தகப்பனை மட்டும் கேட்டுவிட்டு விடக்கூடாது. எண்ணிக்கையில் ஐந்தாவதாக வருபவர் யாரோ அவரைத்தான் கேட்க வேண்டும். வருமானத்தை நேரடியாகக் கேட்டால் பொய்யான விடையோ மௌனமோதான் வரும். எதில் வந்தீர்கள், என்ன தொழில், வீட்டில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று கேளுங்கள். எதுவரை படித்தீர்கள் என்பதைக் கடைசியில் வையுங்கள், முதலில் கேட்டால் பரீட்சைபோல் இருக்கும். "இந்தக் கலையை முதன்முதல் எங்கே கண்டீர்கள்?" என்பதையும் மறக்காதீர்கள்.

வந்த விடைகளைத் தனியே வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் பிரதேச செயலர் பிரிவின் கல்வி நிலை பற்றிக் குடிசன மதிப்பீட்டில் உள்ள விகிதத்தோடு ஒப்பிடுங்கள். மண்டபத்தில் உயர்தரம் தாண்டியவர்கள் பிரதேசத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு என்றால், உங்கள் நிகழ்ச்சி யாருக்குச் சேரவில்லை என்பது கையில் கிடைக்கும். அதே கேள்விகளை ஒரு கோயில் வீதிக் கூத்திலும் கேட்டுப் பாருங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

திருத்துவது பெரிய செலவில்லை. கலைஞரை முதலில் ஏற்றுங்கள், உரைகளை இடைவேளைக்குப் பின் தள்ளி மொத்தம் 15 நிமிடத்தில் முடியுங்கள். தொடங்குமுன் 3 நிமிடம், இன்று எந்தக் கதை, எந்த இராகம் என்று பேச்சுத் தமிழில் ஒருவர் சொல்லட்டும். நோட்டீசை நூலகத்தில் ஒட்டுவதோடு நிற்காமல் மீன் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டுங்கள். அதில் தொடங்கும் நேரத்தை மட்டும் போடுவது நம் வழக்கம். முடியும் நேரத்தையும் பெரிதாகப் போடுங்கள், அதைக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாக வையுங்கள்.