விண்வெளிக்குள் நுழைந்துவிடும் காற்று

ஹப்புத்தளை மலைமுகட்டில் மூடுபனி விலகிய காலையில் நின்று பார்த்தால் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். கிட்டே இருக்கும் தேயிலைச் சரிவு கரும்பச்சை. அடுத்த வரிசையில் சாம்பல் கலந்திருக்கும். அதற்கும் அப்பால் நீலம். கடைசி வரிசை வானத்தோடு கரைந்துவிடும். நிறத்தை மாற்றுவது இடையில் உள்ள காற்று. அதன் மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக் கூட, கண்ணுக்கும் மலைக்கும் நடுவே அந்தச் சிதறிய ஒளியும் கூடுகிறது. எந்த மலை எவ்வளவு தூரம் என்று மலையகத்துப் பிள்ளைகள் பார்த்தவுடன் சொல்லிவிடுவதில் இந்த வெளிறலுக்குப் பெரும் பங்கு உண்டு.

மனிதர் சந்திரனில் இறங்குவதைக் காட்டும் அசைவூட்டப் படங்களில் நான் முதலில் தேடுவதும் இதைத்தான். தூரத்துச் சந்திர மலை சற்று மங்கி நீலம் பாய்ந்திருந்தால், வரைந்தவர் தம்மை அறியாமலே சந்திரனுக்கு ஒரு வளிமண்டலத்தைக் கொடுத்துவிட்டார். உண்மையான சந்திரனில் பத்து கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள மலையும் பக்கத்துப் பாறையைப் போலவே கூர்மையாகத் தெரியும். இதனால் அங்கே நடந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1971 பெப்ரவரியில் அப்பல்லோ 14 பயணிகளான அலன் ஷெப்பர்டும் எட்கர் மிச்செலும் 'கோன்' என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். 300 மீற்றருக்கு மேல் அகலமான பள்ளம் அது. ஒவ்வொரு மேட்டையும் விளிம்பு என்று நினைத்து ஏறி, களைத்து, நேரமும் முடிந்துவிட, அதைக் காணாமலே திரும்பினார்கள். பிற்காலத்தில் சந்திரனைச் சுற்றிய விண்கலம் எடுத்த படங்களில் அவர்களின் காலடித் தடங்களைப் பார்த்தபோது, விளிம்புக்குச் சில பத்து மீற்றர் தூரம் வரை போயிருந்தது தெரிந்தது. மங்கல் இல்லை, மரம், வீடு, மின்கம்பம் என்று அளவு சொல்லும் பொருள் எதுவும் இல்லை. சந்திரன் சிறியது என்பதால் தொடுவானமும் கிட்டே வந்துவிடுகிறது. நிற்கும் ஒருவருக்குச் சமதரையில் அது ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் தூரம்தான்.

இத்தகைய படங்களின் பிழைகளில் பெரும்பாலானவை இப்படித் திருட்டுத்தனமாக நுழைந்த காற்றினால் வருபவை என்பது என் எண்ணம். வெற்றிடத்தில் இடியோசை கேட்பது எல்லோருக்கும் தெரிந்த பிழை, அதை விட்டுவிடலாம். சுவாரசியமானவை கண்ணுக்குப் பழகிப்போன மற்றவை.

தீப்பிழம்பை எடுத்துக்கொள்வோம். சந்திரனிலிருந்து மேலெழும் கலத்தின் அடியில் செம்மஞ்சள் சுவாலை நீண்டு எரிவதாகப் படங்களில் வரும். 1972 டிசம்பர் 14 அன்று அப்பல்லோ 17 பயணிகள் புறப்பட்டதை அவர்கள் விட்டுவந்த ஊர்தியில் இருந்த கமரா நேரடியாகக் காட்டியது. சமிக்ஞை சந்திரனைச் சென்றடையவே ஒரு செக்கனுக்கு மேல் பிடிக்கும். ஆகவே ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அந்தக் கமராவை இயக்கிய எட் ஃபென்டெல் முன்கூட்டியே கணித்துக் கட்டளை அனுப்பிக் கமராவை மேல்நோக்கித் திருப்பினார். அந்தக் காட்சியில் முதலில் தகட்டுத் துணுக்குகள் நாலாபுறமும் சிதறுகின்றன. பிறகு கலம் ஏதோ கயிற்றால் இழுக்கப்படுவதைப் போல மேலே போகிறது. சுவாலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த என்ஜின் எரித்த எரிபொருளும் அது எரிய ஒட்சிசன் கொடுத்த நைதரசன் நாலொட்சைட்டும் சேர்ந்து எரியும்போது புகைக்கரி உண்டாவது மிகக் குறைவு. வெளிவரும் வாயுவை ஒடுக்கிப் பிடிக்கச் சுற்றிலும் காற்று இல்லாததால் அது உடனே விரிந்து ஐதாகிவிடுகிறது. பூமியிலிருந்து கிளம்பும் ரொக்கெட்டிலும் இந்த விரிவைப் பார்க்கலாம். தரைக்கு அருகில் ஒடுங்கி நீளும் சுவாலை, உயரே போகப் போக அகன்று ரொக்கெட்டைவிடப் பெரிதாகிவிடும். கடைசி வரை ஒரே அகலத்தில் சுவாலை வரைந்திருந்தால், அந்த ரொக்கெட் இன்னும் வளிமண்டலத்தின் அடியிலேயே இருக்கிறது.

தூசியும் அப்படியே. சுருண்டு எழுந்து மெல்ல அடங்கும் புழுதிமேகம் காற்றின் வேலை. சந்திரனில் ஒவ்வொரு தூசித்துகளும் எறிந்த கல்லைப் போல வளைகோட்டில் போய் விழுகிறது. அப்பல்லோ இறங்குகலங்களின் என்ஜின் கிளப்பிய தூசி தரையோடு தரையாகத் தட்டையான கீற்றுகளாகப் பாய்ந்தது. என்ஜின் நின்றதும் தரை தெளிந்துவிட்டது.

விமானம் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்வது, இறக்கையின் தூக்குவிசையை அந்தப் பக்கம் திருப்புவதற்காக. விண்கலத்துக்கு அப்படிச் சாய வேண்டிய காரணமே இல்லை. மூக்கைத் திருப்பினால் மூக்குத்தான் திரும்பும், பாதை மாறாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிறு உந்துபொறி ஒன்றைச் சீறவிட்டுக் கலத்தைச் சுழலத் தொடங்கினால், நிறுத்துவதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றைச் சீறவிட வேண்டும். பல படங்களில் முதல் சீறல் மட்டும் இருக்கும். கலம் வேண்டிய திசைக்கு வந்ததும் தானாகவே நின்றுவிடும். அதை நிறுத்தியது எது? மறுபடியும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றுத்தான்.

ஈர்ப்பைக் காட்டுவதில் வேறுவிதமான சோம்பல் இருக்கிறது. சந்திரனில் ஈர்ப்பு பூமியின் ஆறிலொரு பங்கு. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் இங்கே 0.45 செக்கனில் தரையைத் தொடும், அங்கே 1.1 செக்கன் ஆகும். ஆகவே எல்லாவற்றையும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மெதுவாக ஓட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். விழுவதற்கு மட்டுமே இந்தக் கணக்குப் பொருந்தும். கையை அசைப்பதும் தலையைத் திருப்புவதும் தசையின் வேலை. உடை விறைப்பாக இருந்தாலும் அந்த அசைவு இரண்டரை மடங்கு மெதுவாகிவிடாது. மெதுவாகக் கீழிறங்கும் உடலும் சாதாரண வேகத்தில் அசையும் கைகளும் ஒன்றாகத் தெரிவதே உண்மையான அப்பல்லோ ஒளிப்பதிவுகளின் வினோதம். இதைச் சரியாகப் பிடித்த அசைவூட்டக் கலைஞருக்கு நான் மற்றப் பிழைகளை மன்னித்துவிடுவேன்.

தூரங்களில் நடக்கும் ஏமாற்று வேண்டுமென்றே செய்யப்படுவது. பாடசாலையில் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வதேச விண்வெளி நிலையம் அதன் மேற்பரப்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் பறக்கும். சந்திரனை வைக்க வகுப்பறை போதாது. 9 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். இந்த அளவுகளை அப்படியே திரையில் காட்டினால் பூமியும் சந்திரனும் இரண்டு புள்ளிகளாகிவிடும். எனவே இரண்டையும் அருகருகே வைக்கிறார்கள். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூலையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

ஆனால் விண்கலங்கள் ஒன்றையொன்று துரத்துவதாகக் காட்டும்போது ஒரு வரி எழுதித் தப்பிக்க முடியாது. முன்னால் போகும் நிலையத்தைப் பிடிக்க நேராக அதைக் குறிவைத்து என்ஜினை இயக்கினால், வேகம் கூடிய கலம் உயர்ந்த சுற்றுப்பாதைக்கு ஏறிவிடும், உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் எடுக்கும், ஆகவே பின்தங்கிவிடும். 1965 ஜூனில் ஜெமினி 4 பயணத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் தம் ரொக்கெட்டின் கழன்ற பகுதியை இப்படித்தான் நெருங்கப் பார்த்தார், முடியவில்லை. பிடிக்க வேண்டுமென்றால் கீழே இருக்க வேண்டும். 400 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் தொண்ணூற்றிரண்டரை நிமிடங்கள் ஆகின்றன. 50 கிலோமீற்றர் கீழே இருந்தால் ஒரு சுற்றில் சுமார் ஒரு நிமிடம் மிச்சம். செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் அந்த ஒரு நிமிடம் 460 கிலோமீற்றர் தூரத்துக்குச் சமம். 2025 ஜூன் 25 அன்று இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவும் உடன் மூவரும் புறப்பட்ட கலம், சில நிமிடங்களில் விண்வெளியை அடைந்தும் நிலையத்தோடு இணைவதற்கு ஒரு நாளுக்கு மேல் எடுத்தது இந்தக் கீழ்ப்பாதைத் துரத்தலால்தான். கடைசி நெருக்கத்தின் வேகமோ செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர். அசைவூட்டத்தில் அதை முழுதாகக் காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

வகுப்பில் இதையெல்லாம் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அப்படியென்றால் அனிமேஷனில் எதைத்தான் நம்புவது?"

நியாயமான கேள்வி. அசைவூட்டப் படம் எதிலிருந்து பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 இன் 'கழுகு' கலம் சந்திரனில் இறங்கியபோது, அதை வெளியிலிருந்து காட்டக் கமரா இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் மாதிரிகளையும் அசைவூட்டத்தையும் திட்ட நேரப்படி ஓட்டின. கற்பாறைகள் நிறைந்த பள்ளம் எதிர்ப்பட்டதால் நீல் ஆம்ஸ்ட்ரோங் கலத்தை இன்னும் தூரம் ஓட்டிச் சென்றுகொண்டிருந்தபோதே, ஒரு தொலைக்காட்சியின் திரையில் கலம் இறங்கி முடிந்திருந்தது. அந்தப் படம் பிறந்தது திட்டத்திலிருந்து.

அளவீட்டிலிருந்து பிறக்கும் படம் வேறு. விண்கலத்தில் உள்ள, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்புகளும் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறியும் கமராக்களும் கலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை எண்களாக அனுப்புகின்றன. பூமியில் உள்ள அன்டெனாக்கள் சமிக்ஞையின் தாமதத்தையும் அதிர்வெண் மாற்றத்தையும் கொண்டு தூரத்தையும் வேகத்தையும் கணிக்கின்றன. சூரியன், பூமி, சந்திரன் ஆகியவற்றின் இடங்கள் முன்பே தெரிந்தவை. இவற்றைக் கணினிக்குக் கொடுத்தால், கலத்தின் முப்பரிமாண மாதிரியை அந்தக் கணத்தில் அது இருந்த இடத்தில், திரும்பியிருந்த கோணத்தில், சரியான வெயிலில் அது நிறுத்திவிடும். நாசா தன் பயணங்களுக்கான இத்தகைய எண்களை 'ஸ்பைஸ்' என்ற கோப்புகளாக யாரும் எடுக்கும்படி வைத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் இந்தியாவின் சந்திரயான்-2 இறங்குகலம் சந்திரனில் இறங்க முயன்ற இரவில், திரையில் இருந்த வரைபடத்தில் பச்சைப் புள்ளி சிவப்புக் கோட்டை விட்டு விலகியதைப் பார்த்தவர்கள், அறிவிப்பு வருமுன்பே ஏதோ நேர்ந்துவிட்டது என்று உணர்ந்தார்கள். அழகே இல்லாத அந்தப் புள்ளி அளவீட்டிலிருந்து வந்தது.

இப்படிச் செய்த அசைவூட்டம் ஒரு பழைய வழக்கையும் தீர்த்துவைத்தது. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 கலத்திலிருந்து எடுக்கப்பட்ட பூமி உதிக்கும் படத்தை எடுத்தவர் யார் என்பதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 2013 இல் நாசாவின் காட்சியாக்கக் குழு, சந்திரனைச் சுற்றும் எல்.ஆர்.ஓ. விண்கலம் அளந்த மேடுபள்ளங்களையும், கலத்தில் இருந்த தானியங்கிக் கமராவின் படங்களையும், பயணிகள் மூவரின் ஒலிப்பதிவையும் நேரப்படி பொருத்திப் பார்த்தது. அந்த வேளையில் கலம் மெல்ல உருண்டுகொண்டிருந்ததால் பூமி முதலில் பில் அண்டர்ஸின் ஜன்னலில் வந்தது உறுதியானது. வண்ணப்படம் அவர் எடுத்தது. மறு ஆண்டில் கணினி வரைகலைச் சில்லுகள் செய்யும் என்விடியா நிறுவனம் ஒளியை வைத்து இதே வேலையைச் செய்தது. அப்பல்லோ 11 படத்தில் ஏணியில் இறங்கும் பஸ் ஓல்ட்ரின் நிழலுக்குள் இருந்தும் பளிச்சென்று தெரிகிறாரே, மறைவாக விளக்கு வைத்தார்களா என்று கேட்டவர்களுக்கு, சந்திரத் தரையும் ஆம்ஸ்ட்ரோங்கின் வெள்ளை உடையும் திருப்பியனுப்பும் ஒளியே போதும் என்று கணித்துக் காட்டியது.

இனி வரப்போகும் சோதனை சந்திரனின் தென்துருவம். அடுத்து மனிதரை இறக்க நாசா குறித்திருக்கும் பகுதி அதுதான். சந்திரனின் அச்சுச் சாய்வு ஒன்றரைப் பாகைதான் என்பதால் அங்கே சூரியன் தொடுவானத்தை ஒட்டியே சுற்றிவரும். ஒன்றரைப் பாகை உயரத்தில் சூரியன் இருந்தால், ஒரு மீற்றர் உயரப் பாறை சமதரையில் 38 மீற்றர் நீள நிழலை வீழ்த்தும். நிழலுக்குள் ஒளியைச் சிதறவிடக் காற்றும் கிடையாது. நான் பார்த்த விளம்பர அசைவூட்டங்களில் பெரும்பாலானவை அந்த இடத்துக்கு நுவரெலியாவின் மத்தியான வெயிலைக் கொடுத்திருக்கின்றன.