காது கேளாதவர் மருத்துவமனைக்குப் போனால் சட்டம் என்ன தருகிறது?

ஓ.பி. வராந்தாவில், பெயரைக் கூப்பிடும்போதே காது கேளாதவருக்குச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நர்ஸ் வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிடுவார், யாரும் எழுந்திருக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். உள்ளே போனாலும் டாக்டர் முகக்கவசத்தோடுதான் பேசுவார். கடைசியில் கூட வந்த அக்காவிடமோ மகனிடமோ எல்லாவற்றையும் சொல்லி, "அவருக்குச் சொல்லிடுங்க" என்று முடித்துவிடுவார்.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஒரே இடத்தில் இல்லை, இரண்டு மூன்று பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு மருத்துவத்தைப் பற்றியது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்ய வேண்டியவை என்று அது மூன்றைச் சொல்கிறது. வீட்டுக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறங்களில், இலவச சிகிச்சை ஒன்று (இதற்கு அரசு அறிவிக்கும் குடும்ப வருமான வரம்பு உண்டு). அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையற்ற அணுகல் இன்னொன்று. பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் முன்னுரிமை மூன்றாவது.

'தடையற்ற' என்றதும் பலருக்கும் சாய்தளமும் லிஃப்டும்தான் நினைவுக்கு வரும். மருத்துவமனை நிர்வாகங்களும் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு 'தடை' என்றால் என்ன என்று விளக்கும்போது, கட்டடம் சார்ந்த தடைகளோடு தகவல் தொடர்புத் தடைகளையும் மனப்பான்மை சார்ந்த தடைகளையும் சேர்த்தே சொல்கிறது. 'தகவல் தொடர்பு' என்பதற்கான விளக்கத்தில் சைகை மொழியும் எழுத்துத் திரையும் எளிய மொழியும் இருக்கின்றன. அளவுக்கு மீறிய சுமை ஆகாதபடி ஒருவருக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவதை இந்தச் சட்டம் 'நியாயமான வசதி ஏற்பாடு' (reasonable accommodation) என்கிறது. அதை மறுப்பதும் பாகுபாடு என்றே கணக்கில் வரும். ஆக, டாக்டர் சொல்வது நோயாளிக்குப் புரியாமல் போவதும் சட்டத்தின் கண்ணில் ஒரு தடைதான்.

சரி, மருத்துவமனை சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்தே ஆக வேண்டுமா? அப்படி ஒரு வரி இந்தச் சட்டத்தில் இல்லை. என்னைக் கேட்டால், இதன் பெரிய ஓட்டை இதுதான். அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் செலவு மருத்துவமனையுடையது. அதை நோயாளியின் பில்லில் ஏற்ற முடியாது. அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, கூட வந்தவரையே மொழிபெயர்க்கச் சொல்லவும் கூடாது. நம் நாட்டில் இதையெல்லாம் நோயாளிதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

"எழுதிக் காட்டினால் போதாதா?" என்று கேட்பார்கள். பலருக்குப் போதாது. சிறு வயதிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி மாதிரி. இந்திய சைகை மொழிக்கு இலக்கணமே வேறு. மாத்திரைச் சீட்டில் 1-0-1 என்று போட்டால் யாருக்கும் புரியும். அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவம் அப்படியா? டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட 10,000 சொல் காணொளி அகராதியில் மருத்துவச் சொற்களும் இருக்கின்றன. டாக்டரும் நர்ஸும் வலி, காய்ச்சல், ஊசி, ஒவ்வாமை என்று பத்துச் சைகைகள் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். அது மொழிபெயர்ப்பாளருக்கு ஈடாகாது, ஆனாலும் முதல் ஐந்து நிமிடத்தை மாற்றிவிடும்.

ஒப்புதல் விஷயத்தில் சட்டம் கறாராகவே இருக்கிறது. 10-ஆம் பிரிவின்படி, குழந்தை பெறும் திறனை இழக்கச் செய்யும் எந்தச் சிகிச்சையையும், சம்பந்தப்பட்டவர் விவரம் அறிந்து சுயமாகத் தரும் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்தால், கடுமையான ஊனம் உள்ளவர்களுக்கான குறிப்பிட்ட விலக்கு தவிர, 92-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அக்காவும் மாமியாரும் தலையாட்டியதை அந்தப் பெண்ணின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

யாருக்குப் பொருந்தும்? பேச்சொலி அலைவரிசையில் இரண்டு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் சட்டப்படி 'காது கேளாதவர்'. 60 முதல் 70 வரை 'கேட்கும் திறன் குறைந்தவர்'. நடைமுறையில் கேட்பது யுடிஐடி கார்டைத்தான், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை. காது கேளாமை பார்த்தால் தெரியாத குறை என்பதால், முன்னுரிமை கேட்கும்போது அந்தக் கார்டுதான் உங்களுக்காகப் பேசும். ஓ.பி. சீட்டு போடும்போதே அதைக் காட்டி, 'காது கேளாதவர், கை அசைத்துக் கூப்பிடவும்' என்று சீட்டின் மேலேயே பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே நாள் குறித்த சிகிச்சை என்றால், கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வரி போதும்: "நான் காது கேளாதவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25-இன்படி தகவல் தொடர்புத் தடையை நீக்க, இந்தத் தேதியில் சைகை மொழிபெயர்ப்பாளரை நேரிலோ வீடியோ அழைப்பிலோ ஏற்பாடு செய்து தரவும்." மொழிபெயர்ப்பாளர் யாரும் தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பதிலே வரவில்லை, அல்லது முடியாது என்றுவிட்டார்கள் என்றால், அந்த நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். விசாரணையில் சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால், அந்த 3 மாதத்துக்குள் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் உங்களுக்கும் சொல்லியாக வேண்டும்.