சாவி கையிலிருந்து நழுவும் நேரம்

ஓவியருக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது, அதைத் தோண்டித் துருவினால் வராமலே போய்விடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த சல்வடோர் டாலியிடமிருந்து தொடங்கலாம். கற்பனையை வரவழைக்க ஒரு செய்முறையே வைத்திருந்தவர் அவர். 1948இல் அதை எழுதியும் வைத்தார். நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார வேண்டும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கனமான ஒரு சாவி. நேர் கீழே, தரையில் கவிழ்த்து வைத்த தட்டு. கண் அயர்ந்ததும் சாவி தட்டில் விழும், சத்தத்தில் விழிப்பு வரும். அவ்வளவு தூக்கம் போதும்.

சரி, அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது? கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது மூளையில் வினாடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் ஆல்ஃபா அலைகள் ஓடும். அயரத் தொடங்கியதும் அவை கலைந்து, மெதுவான தீட்டா அலைகள் தலைகாட்டும். தசைகள் தளரும். தூக்கத்தின் இந்த முதல் படிக்கு என்1 என்று பெயர்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் நடக்கிறது. கண், காது, தோல் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணிக்குப் போகின்றன. வலிப்பு சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களிடம் பிரான்ஸ் ஆய்வாளர்கள் அளந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். தூக்கம் தொடங்கும்போது தலாமஸ் முதலில் அடங்குகிறது. புறணி அடங்கப் பெரும்பாலும் இன்னும் சில நிமிடங்கள் ஆகின்றன. வாசலைச் சாத்தியாயிற்று, உள்ளே விளக்கு இன்னும் எரிகிறது. வெளிச்செய்தி குறைந்த அந்த இடைவெளியில், புறணி தன்னிடம் ஏற்கெனவே கிடப்பதைத்தான் கிளறிப் பார்க்க முடியும். அரைத்தூக்கத்தில் முகங்களும் விசித்திர உருவங்களும் தோன்றுவதற்கு இந்த நிலை தோதாக இருக்கிறது.

டாலியின் முறையை 2021இல் பாரிஸில் தூக்க ஆய்வாளர் டெல்ஃபின் உதியெட்டின் குழு சோதித்தது. எண்புதிர்கள் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சட்டென்று முடிக்க ஒரு மறைவிதி உண்டு, அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தும் விதி பிடிபடாதவர்களை, கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து 20 நிமிடம் இருட்டில் ஓய்வெடுக்கவைத்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் பிறகு விதியைக் கண்டுபிடித்தார்கள். என்1இல் குறைந்தது 15 நொடி இருந்தவர்களில் 83 சதவீதம். அதைத் தாண்டி ஆழமான தூக்கத்துக்குப் போனவர்களில் வெறும் 14.

எண்புதிரும் ஓவியமும் ஒன்றல்ல, அந்த எச்சரிக்கை தேவை. ஆனால் இரண்டு விஷயங்களை நான் முக்கியமாக நினைக்கிறேன். புதிரை முதலில் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தச் சோதனையே நடந்தது. அப்புறம், விழித்த உடனே விடை வந்து விழுந்துவிடவில்லை. பொதுவாகப் பல புதிர்களைப் போட்ட பிறகே பிடிபட்டது. "அருள் வந்தால்தான் பாட்டு வரும்" என்று சொல்லி, இளம் கலைஞர்களைக் காத்திருக்கவைப்பது எனக்குச் சம்மதமில்லை. உள்ளே எதையும் போடாதவருக்குச் சாவி விழுந்தும் பயனில்லை.

ஆராய்ந்தால் கெட்டுவிடுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அயரும் அந்த நேரத்தில் "இப்போது என்ன தோன்றுகிறது" என்று உன்னிப்பாகக் கவனித்தால் தூக்கம் கலையும், அவ்வளவுதான் நஷ்டம். மற்ற நேரத்தில் ஆராய்வதால் எதுவும் குறையாது. டாலியே தன் முறையை அணு அணுவாகக் கவனித்து எழுதியவர்தானே. நம் ஊரில் தூக்க ஆய்வுக்கூடம் என்றால் குறட்டையும் மூச்சுத்திணறலும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. மிருதங்கக் கலைஞர்களும் கவிஞர்களும் அங்கே படுத்து ஆய்வுக்கு உதவ, கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன?