கிரவுட்சோர்சிங்: கூட்டா, திரளா?

ஒரு வேலையைக் குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படைக்காமல், பொது அழைப்பு விடுத்து, முன்பின் அறியாத பலருக்கும் அதைத் திறந்துவிடும் முறைக்குக் கிரவுட்சோர்சிங் என்று பெயர். அமெரிக்க இதழாளர் ஜெஃப் ஹவ் 2006 ஜூனில் வயர்டு இதழில் எழுதிய கட்டுரையால் இச்சொல் பரவியது. வேலையை வெளியாருக்குக் கொடுப்பதைக் குறிக்கும் அவுட்சோர்சிங் என்ற சொல்லின் அச்சிலேயே இதுவும் வார்க்கப்பட்டது. முன்பாதியான கிரவுட், நெருக்கித் தள்ளுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்தும், பின்பாதியான சோர்ஸ், நீர் ஊறி எழுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தும் வந்தவை.

தமிழில் இதைக் ‘கூட்டு’ என்ற அடையோடு பெயர்க்கத் தோன்றுவது இயல்பே. பலர் சேர்ந்து ஒரே கட்டுரையைத் திருத்தி வளர்க்கும் விக்கிப்பீடியாவுக்கு அது பொருந்தும்; வடிவமைப்புக்குப் பொருந்தாது. மெல்போர்னில் 2008இல் தொடங்கிய 99டிசைன்ஸ் போன்ற தளங்களில் ஒரு சிறுதொழில் முனைவோர் சின்னம் (லோகோ) வேண்டிப் போட்டி அறிவித்தால், ஐம்பது பேர் வரைந்தாலும் ஐம்பது பேரும் தனித்தனியேதான் வரைகிறார்கள். பரிசுத்தொகை பொதுவாக ஒருவருக்கே போகிறது, ஏனையோர் உழைப்புக்குக் கூலி இல்லை. இதில் கூட்டு எங்கே இருக்கிறது? ஒருவரையொருவர் அறியாமலும் சேரக்கூடியது திரள். ஆகவே ‘திரள்வழிப் பெறுதல்’ என்பதே சரியான சொல் என்பது என் துணிபு. (பேச்சு வழக்கில் ‘டிசைன் போட்டி’ என்பார்கள், அதுவும் நேர்மையான பெயர்தான்.)

இதற்கு எதிர்முனையில் இருப்பது வடிவமைப்பாளரை அமர்த்துதல். வடிவமைப்பு என்ற சொல்லில் வடிவும் உண்டு, அமைப்பும் உண்டு. திரளிடமிருந்து வடிவம் ஏராளமாகக் கிடைக்கும். அமைப்பு, அதாவது அந்த வடிவம் எங்கெங்கே எப்படிப் பயன்படும் என்ற சிந்தனை, நாலு வரிக் குறிப்பை மட்டும் படித்து வரைபவரிடம் அரிதாகவே வாய்க்கும். திரையில் பளிச்சிடும் வண்ணச் சாயல்களும் மயிரிழைக் கோடுகளும் கொண்ட சின்னம் ரப்பர் முத்திரையில் இறங்கும்போது மைத்திட்டாகிவிடுகிறது. தேர்ந்த வடிவமைப்பாளர் பென்சிலை எடுக்குமுன் கேட்பதே, இதை எந்த அளவில், எதன்மேல் அச்சிடப் போகிறீர்கள் என்பதைத்தான். ஒற்றை நிறத்திலும் நிற்கும் படியையும், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் கோப்பையும் அவர் சேர்த்துத் தருவார். போட்டி வழியே பெறுவோர் இவ்விரண்டையும், பதிப்புரிமை மாற்றத்தையும், அறிவிப்பிலேயே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.