'கிரேஞ்ச் பிரபு' என்று ஒருவர் இல்லை

ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக்குக் கடத்தப்பட்ட ரேச்சல் சீஸ்லியின் கதை தமிழுக்கு வரும்போதெல்லாம் அவள் கணவர் 'லார்ட் கிரேஞ்ச்', 'கிரேஞ்ச் பிரபு' ஆகிவிடுகிறார். அவர் ஜேம்ஸ் எர்ஸ்கின் (1679–1754), எடின்பரோ நீதிபதி. பிரபு அல்லர்.

'லார்ட்' பழைய ஆங்கிலத்தில் 'ரொட்டி காப்பவன்', படியளக்கிற எசமான். 'பிரபு' வடசொல், அதுவல்ல என் சண்டை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையை 'பிரபுக்கள் சபை' என்று எழுதிப் பழகிவிட்டோம். இனி பிரபு என்றால் அந்தச் சபைக்குரிய பட்டக்காரர்தான். 1532-இல் ஸ்காட்லாந்தில் அமைந்த 'கோர்ட் ஆஃப் செஷன்' என்ற நீதிமன்றத்தின் நீதிபதிக்கோ 'லார்ட்' என்பது பதவியோடு வரும் அடைமொழி. அந்த அடைமொழிக்குப் பின்னால் தம் நிலத்தின் பெயரை ஒட்டிக்கொள்வது வழக்கம். 1706-இல் நீதிபதியான எர்ஸ்கின் அப்படித்தான் 'லார்ட் கிரேஞ்ச்' ஆனார். மகனுக்கு அது போகாது.

அதே வீட்டில் அசல் பிரபு உண்டு: அண்ணன் ஜான், 'மார் ஏர்ல்' என்ற பரம்பரைப் பட்டம் உடையவர், பிரிட்டிஷ் அரசுக்கு எதிரான 1715 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர். தம்பியோ 1734-இல் பதவியை உதறிவிட்டு நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபைக்குப் போனார். பிரபுவுக்கு அங்கே ஏது இடம்? மொழிபெயர்ப்பாளர் இந்த வரியையும் கூசாமல் எழுதிவிட்டு நகர்கிறார்.

'நீதிப்பிரபு' என்று ஒட்டுப்போடுகிறவர்களும் உண்டு. பழைய பிழையோடு புதுக் குழப்பம்: நீதிக்கென்று தனிப் பிரபு வம்சம் இருந்ததாகத் தோன்றும். நம் வக்கீல்கள் 'மை லார்ட்' என்று கூப்பிடுவதால் எந்த நீதிபதி பிரபுவானார்? 'நீதியரசர் கிரேஞ்ச்' போதும். அதிலும் 'அரசர்' இருக்கிறாரே என்பார்கள். இருக்கட்டும், அதைப் படித்து யாரும் மகுடத்தைத் தேடுவதில்லை.

'கோர்ட் ஆஃப் செஷ'னை 'அமர்வு நீதிமன்றம்' ஆக்குவது இன்னும் மோசம். நமக்கு அது கொலை வழக்கு நடக்கும் மாவட்ட செஷன்ஸ் கோர்ட். அங்கே அது நாட்டின் உச்ச உரிமையியல் மன்றம். 'ஸ்காட்லாந்து உரிமையியல் உயர்மன்றம்' என்று விளக்கமாகவே எழுதலாம்.

'லார்ட் பிரசிடென்ட்' அந்த மன்றத்தின் தலைமை நீதிபதி. 'தலைமைப் பிரபு' என்று போட்டால் ரேச்சலின் தந்தை ஜான் சீஸ்லி 1689-இல் செய்த கொலையே விளங்காது. மனைவிக்கு ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்ன ஆத்திரத்தில் அவர் சுட்டுக் கொன்றது தலைமை நீதிபதி ஜார்ஜ் லாக்ஹார்ட்டை.