பர்மா உளுந்தும் கல்லிடைக்குறிச்சி வெயிலும்: ஒரு தொழிலின் புறச்சூழலைப் படிப்பது எப்படி

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் என் அத்தை, காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்பே மேற்கே ஒரு பார்வை பார்த்துவிடுவாள். பொதிகை மலையின் மடிப்புகள் தெளிவாகத் தெரிந்தால் அன்றைக்கு எட்டு கிலோ மாவு பிசையலாம். மலை மேகத்துக்குள் போயிருந்தால், "ஏலே, மலை மூடிட்டுல்லா, இன்னைக்கு ரெண்டு கிலோ போதும்" என்று உள்ளே குரல் கொடுப்பாள்.

இதற்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. இட்ட அப்பளத்திலிருந்து ஈரம் வெளியேற வேண்டுமானால், சுற்றியுள்ள காற்றுக்கு அதை வாங்கிக்கொள்ள இடம் வேண்டும். மலைச் சாரல் இறங்கும் நாளில் காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும். அப்பளம் காயாது, மடித்து அடுக்கினால் பூசணம் பிடிக்கும். அதிகமாகக் காய்ந்தாலும் ஆபத்துதான். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் எண்ணெய்ச் சூட்டில் அது நீராவியாகி அப்பளத்தை உப்ப வைக்கும். ஈரமே இல்லாத அப்பளம் பெட்டியிலேயே நொறுங்கிவிடும்.

அத்தை மலையைப் பார்ப்பதைத்தான் மேலாண்மைப் படிப்பில் புறச்சூழல் பகுப்பாய்வு என்கிறார்கள். தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று, தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒன்றை எப்படி மாற்றப்போகிறது என்று முன்கூட்டிப் பார்ப்பது. வானிலை அவள் கையில் இல்லை. எத்தனை கிலோ மாவு என்பது அவள் கையில் இருக்கிறது.

ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் அகிலர் இந்தத் துறைக்கு 1967இல் ஓர் அடிப்படை போட்டுக் கொடுத்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள ரசாயன நிறுவன மேலாளர்களிடம், வெளியுலகச் செய்தி உங்களுக்கு எப்படி வருகிறது என்று கேட்டு ஆராய்ந்தார். பொருளாதாரம், தொழில்நுட்பம், அரசியல், சமூகம் என்று புறச்சூழலை நான்காகப் பிரித்தவரும் அவர்தான். சட்டமும் இயற்கைச் சூழலும் பின்னால் வந்தவர்கள் சேர்த்த தலைப்புகள். இன்று வணிகவியல் மாணவர்கள் இந்த ஆறையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கிறார்கள்.

அவர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். வெளியுலகத்தைப் பார்ப்பதில் நான்கு விதம் உண்டு என்றார். குறிப்பாக எதையும் தேடாமல் காதில் விழுவதை வாங்கிக்கொள்வது ஒன்று. எது வந்தால் கவனிக்க வேண்டும் என்று தெரிந்து, அது வரும்போது நிமிர்ந்து பார்ப்பது இரண்டாவது. தேவைக்கேற்ப நாலு பேரிடம் விசாரிப்பது மூன்றாவது. திட்டம் போட்டு முறையாகத் தேடுவது நான்காவது. அத்தையிடம் நான்கும் இருக்கின்றன. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் காதில் விழும் பேச்சு, மலையின் முகம், மளிகைக் கடைக்காரரிடம் கேட்கும் உளுந்து விலை, வருஷம் பிறந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்து முகூர்த்த நாள்களை நோட்டில் குறிப்பது. மேலாளர்களுக்கும் பெரும்பாலான செய்தி அறிக்கைகளில் இருந்து வரவில்லை, மனிதர்களிடம் இருந்தே வந்தது என்பதும் அகிலர் கண்டதுதான்.

ஆறு தலைப்பைப் போட்டு ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி எழுதிவிட்டால் பகுப்பாய்வு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்களின் திட்ட அறிக்கைகளில் இப்படிப்பட்ட பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். "அரசியல்: நிலையான ஆட்சி. சமூகம்: மாறிவரும் உணவுப் பழக்கம்." இந்த வரிகளை அப்பளத்துக்கும் எழுதலாம், செருப்புக் கடைக்கும் எழுதலாம். எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற வரி எந்தத் தொழிலுக்கும் உதவாது. உண்மையான வேலை வேறு. தூரத்தில் நடக்கும் நிகழ்வு எந்த வழியாக நம் அடுப்படிக்கு வந்து சேரும், எத்தனை நாளில் வரும், வரும்போது எவ்வளவு பெரிதாக இருக்கும், லாபமா நஷ்டமா என்று தடம் பிடித்துப் போக வேண்டும்.

உளுந்தையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்து உளுந்து என்றால் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காட்டு மானாவாரி. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்கும். ஆனால் நாட்டின் விலையை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் விளைச்சலும் உண்டு. அதற்கு மேல், நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு பர்மாவில் இருந்து வருகிறது. அங்கே குளிர்காலத்தில் விளைந்து, நம் மாசி, பங்குனிக் கணக்கில் அறுவடைக்கு வரும்.

2021 பிப்ரவரி 1இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த வாரங்களில் அங்கே வங்கிகளே முடங்கின. அறுவடை வரும் நேரம் அது. இந்தியாவிலோ அதுவரை உளுந்து இறக்குமதிக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருந்தது. அந்த ஆண்டு மே 15இல் மத்திய அரசு துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதியில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. பிறகு பர்மாவுடன் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று ஐந்தாண்டு ஒப்பந்தமும் வந்தது. பர்மாவில் ஒன்று, டெல்லியில் ஒன்று. முதலாவது விலையை ஏற்றப் பார்க்கிறது, இரண்டாவது இறக்கப் பார்க்கிறது. இரண்டும் சென்னைத் துறைமுகத்தில் சந்தித்து, விருதுநகர் மொத்தச் சந்தையின் விலையாகி, அம்பாசமுத்திரம் மளிகைக் கடைக்கு வந்து, கடைசியில் அத்தையின் மாவுச் சட்டியில் விழுகின்றன. இந்தப் பாதையை வரைந்து வைத்திருப்பவர் விருதுநகர் விலையைப் பார்த்தாலே போதும். பர்மா அரசியலைத் தினமும் படிக்க வேண்டியதில்லை. நீண்ட பாதையில் எந்த இடத்தில் நின்று பார்த்தால் செய்தி சீக்கிரமும் தெளிவாகவும் கிடைக்கும் என்று கண்டுபிடிப்பது இந்தப் பகுப்பாய்வில் பாதி வேலை.

அப்புறம் மழை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். ஐப்பசியில் அடைமழை பெய்தால் அப்பளம் காய்வது அன்றே நின்றுவிடும். அதே மழை கரிசலில் உளுந்துக்குப் பால் வார்க்கும். தை, மாசியில் வரத்து கூடும். ஒரே மழை இன்று நஷ்டம், மூன்று மாதம் கழித்து லாபம். அறுவடை நேரத்தில் பெய்துவிட்டால் அந்தக் கணக்கும் தலைகீழ். ஆடிக் காற்றும் அப்படித்தான். அப்பளப் பாயில் புழுதியை வாரி இறைக்கும் அந்தக் காற்றுதான் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைக்காரர்களின் அறுவடை. அதனால் "மழை: அபாயம்", "காற்று: வாய்ப்பு" என்று ஒரு சொல்லில் எழுதி வைப்பதில் பயனில்லை. யாருக்கு, எப்போது என்று சேர்த்து எழுத வேண்டும்.

அளவுக்கு வருவோம். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருகிற செய்தி நம் தொழிலுக்கும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ அப்பளத்துக்கு 200 ரூபாய் அடக்கம், அதில் உளுந்து 120, பிளாஸ்டிக் கவர் 4 என்று வைப்போம். உளுந்து 15 சதவீதம் ஏறினால் 18 ரூபாய் கூடும்; மொத்த அடக்கத்தில் 9 சதவீதம். கவர் விலை 50 சதவீதம் ஏறினாலும் கூடுவது 2 ரூபாய். மொத்தத்தில் 1 சதவீதம்தான். செலவில் ஒரு பொருளின் பங்கை அதன் விலை மாற்றத்தால் பெருக்கினால் தாக்கம் தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதைப் போடாமல் கவர் விலைக்கு அலறி உளுந்தைக் கோட்டைவிட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது அப்பளத்துக்கு வரி இல்லை என்றார்கள். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த வரியின் இயக்கம் இப்படி: நீங்கள் விற்கும் பொருளுக்கு வரி இருந்தால், வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். விற்கும் பொருளுக்கு வரியே இல்லை என்றால் கழிக்க இடமில்லை. பிளாஸ்டிக் கவருக்குக் கட்டும் 18 சதவீதம் அடக்கத்திலேயே தங்கிவிடும். "வரி விலக்கு" என்ற சொல்லைப் பார்த்துச் சட்டம் என்ற கட்டத்தில் சாதகம் என்று குறித்துவிட்டுப் போனால் இது கண்ணில் படாது. அப்பளத்தில் தொகை சின்னது. இயந்திரம் வாங்கப்போகும் நாளில் பெரிதாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த தடம் ஆள்கூலியில் இருக்கிறது. அத்தையிடம் அப்பளம் இட வருகிற பெண்கள் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். அவர்களுக்கு வேறு இரண்டு வேலைகள் உண்டு: பீடி சுற்றுவது, நூறு நாள் வேலை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 2024-25இல் 319 ரூபாய், அடுத்த ஆண்டு 336. டெல்லியில் ஏப்ரல் மாதம் அந்த எண் மாறும்போது கல்லிடைக்குறிச்சியில் கூலிப் பேச்சும் மாறும். பீடியின் கதை இன்னும் சுற்றுவழி. 2016 ஏப்ரலில் புகையிலைப் பாக்கெட்டுகளில் 85 சதவீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம் கட்டாயமானது. 2017இல் பீடிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. இவற்றால் பீடி விற்பனை குறைந்தால் கம்பெனி கொடுக்கும் இலையும் தூளும் குறையும். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மடியில் தட்டோடு உட்காரும் பெண்களுக்கு வாரத்தில் வேலை நாள் குறையும். அந்தக் கைகள் வேறு வேலை தேடும். நுரையீரலைக் காப்பதற்கு எழுதிய சட்டம் அப்பளத் தொழிலில் ஆள் கிடைப்பதைத் தொடுகிறது! அப்பளத்தின் சட்டங்களை மட்டும் படித்துக்கொண்டிருப்பவருக்கு இது வந்து சேரவே சேராது. நம்மோடு ஆளுக்கும் சரக்கிற்கும் போட்டி போடுகிறவர் யார் என்று பார்த்து, அவருடைய புறச்சூழலையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். அந்தப் பெண்களின் வேலை குறைவதை வெறும் சாதகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

சமூகம் என்ற தலைப்பில் எங்களுக்குக் கல்யாணம்தான் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆவணி, தை, வைகாசி பிறந்தால், கல்யாணச் சமையல் செய்யும் தவசுப்பிள்ளைகள் மூட்டையாகக் கேட்பார்கள். இது மாறாத கணக்கு, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. உறுதியாக வரப்போவது எதுவோ அதற்குத் தயாரிப்பு போதும். வருமோ வராதோ என்பதற்குத்தான் பகுப்பாய்வு வேண்டும்.

உறுதியும் இல்லாமல், கண்ணுக்குச் சரியாகத் தெரியாமலும் இருப்பவற்றுக்கு மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப் 1975இல் 'பலவீனமான சமிக்ஞைகள்' என்று பேர் வைத்தார். சத்தமாகக் கேட்கும் வரை காத்திருந்தால் செய்வதற்கு நேரம் இருக்காது என்பது அவர் வாதம். வாடிக்கையான தவசுப்பிள்ளை ஒருவர் இரண்டு முகூர்த்தமாக அரை மூட்டை குறைத்துச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, பந்தியில் பாக்கெட்டில் அடைத்த வற்றல், குழல் வகைகளும் வைக்கச் சொல்கிறார்கள் என்றார். அரை மூட்டை பெரிய தொகை இல்லை. அத்தை அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், தேதியோடு. மூன்றாவது ஆளும் அதையே சொன்னால் அப்போது யோசிப்பதாக ஏற்பாடு. எத்தனை முறை கேட்டால் நம்புவது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்ல முறை. இல்லையென்றால் ஒரே பேச்சைக் கேட்டு ஓடுவோம், அல்லது பத்து பேர் சொன்ன பிறகும் அசைய மாட்டோம்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழை, எங்கள் நோட்டு எழுதிய முறையிலேயே ஒரு பிழை இருந்ததைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. அதுவரை மழை, சாலை, உளுந்து விலை, ஆள் என்று தனித்தனி வரிசையாகத்தான் வைத்திருந்தோம். ஒன்று கெட்டால் மற்றவை தாங்கும் என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கை. அந்த இரண்டு நாளில் எல்லாம் ஒன்றாகப் போயின. வெயில் இல்லை, லாரி இல்லை, வேலைக்கு வருகிறவர்களின் வீட்டுக்குள் தண்ணீர், கரிசல் காட்டில் நின்ற பயிர் மூழ்கியது. நான்கு வரிசைக்கும் வேர் ஒன்றுதான் என்பதை நாங்கள் எழுதியிருக்கவில்லை. மார்கழி முதல் தேதியில் வந்த வெள்ளம் என்பதால் கல்யாண ஆர்டர் எதுவும் கையில் இல்லை. ஆனால் தை முகூர்த்தத்துக்காக இட்டு அடுக்கியிருந்த சரக்கு கீழ் அறையில் இருந்தது, ஈரம் ஏறி வீணானது.

இப்போது நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: இதோடு சேர்ந்து எது கெடும்? மழைக்கு நேராக நான்கு பெயர்கள். கார்த்திகை பிறந்ததும் சரக்கு மச்சுக்கு ஏறிவிடுகிறது. சூரிய உலர்த்திக் கூடாரம் போடலாமா என்ற பேச்சும் நடக்கிறது. வெயில் இல்லாத எத்தனை நாள் வேலை நின்றது என்று இரண்டு வருஷத்துக்கு எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்கிறாள் அத்தை. இந்த ஐப்பசியோடு ஒரு வருஷ எண்ணிக்கை முடிகிறது.