ஒரு பவுண்டு டெலிபோன் பூத்: வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்குக் கிடைக்குமா?

பிரிட்டனின் சிவப்பு டெலிபோன் பூத்தை ஒரு பவுண்டுக்குத் தருகிறார்கள் என்ற செய்தி உண்மைதான். ஆனால் அந்த விலை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்.

'அடாப்ட் எ கியோஸ்க்' என்ற அந்தத் திட்டத்தை 2008இல் தொடங்கியது அரசு அல்ல, பி.டி. தொலைபேசி நிறுவனம். பாரிஷ் கவுன்சில் போன்ற உள்ளாட்சி அமைப்புகள், பதிவு பெற்ற அறக்கட்டளைகள், தம் நிலத்தில் பூத் இருக்கும் தனியார் ஆகியோர் கேட்கலாம். தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு கூட்டை மட்டும் ஒப்படைப்பார்கள். பராமரிப்பு, பெயின்ட் எல்லாம் வாங்கியவர் பொறுப்பு. இப்படிக் கைமாறியவை 6,000க்கும் மேல். பல பூத்களில் இப்போது திடீரென இதயத் துடிப்பு நின்றவருக்கு முதலுதவி தரும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறது. யார்க்‌ஷயரின் வார்லி கிராமத்தில் ஒரு பூத்துக்குள்ளேயே அருங்காட்சியகம் நடத்துகிறார்கள்.

வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு இருக்கும் வழி, பி.டி. கழித்துவிட்ட பூத்களைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்குவது. அங்கே விலை ஆயிரக்கணக்கான பவுண்டு.

பணம் கொடுக்குமுன் பூத் அசல்தானா என்று பாருங்கள். அதிகம் கிடைப்பது கே6 என்ற மாதிரி. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935இல் கட்டடக் கலைஞர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. கூடு வார்ப்பிரும்பு, கதவு தேக்கு. காந்தம் ஒட்டவில்லையென்றால் அது ஃபைபர் அல்லது அலுமினிய நகல். உச்சியில் இருக்கும் கிரீடம் வயதைச் சொல்லும்: டியூடர் கிரீடம் என்றால் பழையது, இரண்டாம் எலிசபெத் காலத்தில் செயின்ட் எட்வர்ட் கிரீடம் வந்தது. ஸ்காட்லாந்துக்குத் தனிக் கிரீடம். 1968இல் கே8 என்ற புதிய மாதிரி வந்து கே6இன் இடத்தைப் பிடித்தது. ஆக, அசல் கே6 எதுவானாலும் ஐம்பது வயது தாண்டியது.

சட்டச் சிக்கல் வருவது இரண்டு இடங்களில். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பூத்கள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ளதை அனுமதியில்லாமல் பெயர்ப்பது கிரிமினல் குற்றம். அதனால் பூத் முன்பு எந்தத் தெருவில் நின்றது, யார் பெயர்த்தார்கள், விற்பவர் கைக்கு எப்படி வந்தது என்பதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். 'எங்கிருந்தோ வந்தது' என்று சொல்பவரிடம் வாங்கவே கூடாது என்பேன், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மற்றொன்று ஏற்றுமதி. ஐம்பது ஆண்டு தாண்டிய கலாசாரப் பொருளுக்குப் பிரிட்டனில் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பொதுவான பொருட்களுக்குத் தனி உரிமம் தேவைப்படுவது 65,000 பவுண்டு மதிப்பிலிருந்துதான். சாதாரண கே6 அந்த விலைக்கு வெகு கீழே இருப்பதால் தனியாக விண்ணப்பிக்காமல் பொது உரிமத்திலேயே போய்விடும். வரலாற்றுச் சிறப்பு சேர்ந்து மதிப்பு ஏறியதென்றால் 'ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து' என்ற அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்தும் எண்களில் '9705' என்ற தலைப்பு வரலாற்று முக்கியத்துவமுள்ள சேகரிப்புப் பொருட்களுக்கானது. வரிச்சலுகை நாட்டுக்கு நாடு மாறும். புதுப்பித்த பூத்தை வெறும் இரும்புச் சாமான் என்று வகைப்படுத்திவிடாமல் இருக்க, அருங்காட்சியகத்தின் கடிதத்தையும் பூத்தின் பூர்வீக ஆவணங்களையும் சரக்கு கிளம்புமுன்பே சுங்க முகவரிடம் கொடுத்துவிடுங்கள். மரப்பெட்டியில், மரத்தைப் பூச்சி பரவாதபடி பதப்படுத்தியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கே6இன் எடை ஏறத்தாழ முக்கால் டன். இறக்குவதற்குக் கிரேனும், நிறுத்துவதற்குக் கான்கிரீட் தளமும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.